வேலூரில் இருந்தபடியே பொருளியல் கற்பது: எந்த நூல், எந்த வரிசை, எந்தக் கணக்கு

மாதம் நூற்றுக்கு எட்டு ரூபாய் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதை நம்பலாமா என்று முடிவு செய்ய நூல் எதுவும் வேண்டியதில்லை; ஒரு கால்குலேட்டர் போதும். ஒரு லட்ச ரூபாயைப் போட்டு, வரும் வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஐந்தாம் ஆண்டு முடிவில் அது ஒரு கோடியே ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பத்தாம் ஆண்டு முடிவில் நூறு கோடியையும் தாண்டுகிறது. அப்படி ஒரு தொழில் கையில் இருப்பவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து முதல் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

காட்பாடிப் பக்கம் குடியிருக்கும் என் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை அப்படிப்பட்ட ஓரிடத்தில் கொண்டுபோய்க் கட்டினார். ஐந்து மாதம் பணம் ஒழுங்காக வந்தது. ஆறாம் மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அவரைப் படிக்காதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் நூல்கள் அவர் வீட்டு அலமாரியில் பதினொன்று இருந்தன, நானே எண்ணினேன். கூட்டு வட்டியைக் கையால் போட்டுப் பார்க்கச் சொல்லும் பக்கம் அவற்றில் ஒன்றில்கூட இல்லை.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருந்துகொண்டு பொருளியலையும் வணிகத்தையும் முதலீட்டையும் தாமாகவே படிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூற்பட்டியல் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது வரிசையையும் முறையையும்: எந்த நூலைப் படித்தாலும், நம் ஊரில் நாமே எடுக்கக்கூடிய ஒரு கணக்கை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கெழுதுபவனாக வேலையைத் தொடங்கியவன் என்பதால் எனக்கு இந்தப் புத்தி வந்தது. கல்லூரிப் பொருளியல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நூல் பள்ளிக்கூடப் புத்தகம்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலைத்தான் நான் எவருக்கும் முதலில் சொல்வது. வயதுவந்தவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். லாரி வைத்துத் தொழில் நடத்தும் நண்பர் ஒருவரிடம், மகனின் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள் என்று சொன்னபோது அவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் அச்சில் விளக்கிய நாள்முதல் இன்றுவரை அந்த முறையின் எலும்புக்கூடு மாறவில்லை; அதைத் தெரியாமல் பங்குச் சந்தை நூல்களைப் புரட்டுவது, எழுத்துக்கூட்டத் தெரியாமல் செய்தித்தாளின் படங்களைப் பார்ப்பது போன்றது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு, தேய்மானம் ஆகிய பாடங்களை முடித்துவிட்டால் போதும். மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நூலோடு சேர வேண்டிய கணக்கு உங்கள் வீட்டுக் கணக்கு. மூன்று மாதத்துக்கு வரவையும் செலவையும் எழுதி, மூன்றாம் மாத முடிவில் உங்கள் குடும்பத்துக்கு ஓர் ஐந்தொகை, அதாவது சொத்து ஒரு பக்கமும் கடன் மறுபக்கமும் நிற்கும் பட்டியல், தயாரித்துப் பாருங்கள். அடகு வைத்த நகை எந்தப் பக்கம் வரும், அதற்கு வாங்கிய கடன் எந்தப் பக்கம் வரும், மச்சானுக்குக் கொடுத்து இரண்டு ஆண்டாகத் திரும்பாத தொகையை இன்னும் சொத்தாகக் காட்டலாமா, ஐந்து ஆண்டு ஓடிய பைக்குக்கு எவ்வளவு தேய்மானம் கழிக்க வேண்டும் என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். வாராக் கடன் என்ற சொல்லின் பொருள் எனக்கு உறைத்தது தோல் ஷாப்புக் கணக்கில் அன்று, என் வீட்டுக் கணக்கில்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழில் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்று பரவலாக விற்கும் ராபர்ட் கியோசாகியின் நூல், கைக்குப் பணம் கொண்டுவருவது சொத்து, கையிலிருந்து பணத்தை எடுப்பது பொறுப்பு என்று வரையறுக்கிறது. சோம்பலை உதறி எழுப்புவதற்கு அந்த நூல் பயன்படலாம்; ஆனால் அந்த வரையறை கணக்கியலின் வரையறை அன்று. அதை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே வழி தவறிவிடும். கணக்குப்பதிவியலுக்குப் பிறகு படித்தால் கெடுதல் இல்லை.

பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் நூலையும் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தேவை, அளிப்பு, சந்தை வகைகள், தமிழ்நாட்டின் பொருளாதாரம் ஆகியவை முன்னதிலும், நாட்டு வருமானம், வங்கி, வரி, பன்னாட்டு வணிகம் ஆகியவை பின்னதிலும் வருகின்றன. நடை வறண்டது, ஆனாலும் கலைச்சொற்களைத் தமிழில் கற்றுக்கொள்ள இவற்றைவிட மலிவான வழி இல்லை.

நம் மாவட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள்

இந்தியாவில் பொருளியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்து பார்த்த மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முக்கியமான ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜிலும் வாஷிங்டனிலும் நம் கிணறுகளையும் மண்டிகளையும் பற்றி மாணவர்கள் படித்துக்கொண்டிருக்க, நாம் அமெரிக்கக் கோடீசுவரர்களின் காலை உணவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

தொடக்கம் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் அவர்; மாணவர்களைத் தங்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்து, 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதில் வட ஆர்க்காட்டின் சார்பில் இடம்பெற்ற ஊர் தூசி. காஞ்சிபுரத்துக்கு அருகில், இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அதே கிராமங்களை பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆராய்ந்து 1940இல் நூலாக்கினார்கள். பிறகு 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் தூசிக்குத் திரும்பவும் சென்றார்கள். அந்த நிறுவனத்தை 1971இல் தொடங்கிய மால்கம் ஆதிசேசையா 1910இல் வேலூரில் பிறந்தவர் என்பதையும் நம்மூர்ப் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன். ஸ்லேட்டரின் நூல் காப்புரிமை கடந்துவிட்டதால் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தூசி பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். ஓர் ஊரின் நிலம், கடன், கூலி, மாடு, கிணறு ஆகியவற்றை எப்படிக் கேட்டு எப்படி எழுதுவது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பசுமைப் புரட்சி. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டில் பதினொரு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, புதிய நெல் ரகங்கள் யாருக்குப் பயன்பட்டன என்று ஆராய்ந்தார்கள். பி. எச். ஃபார்மர் தொகுத்து 1977இல் வந்த அந்த நூலின் தலைப்பில் பசுமைப் புரட்சி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அந்தக் கேள்விக்குறியிலேயே அவர்களின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. புதிய ரகங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை என்றும், தண்ணீரும் முதலும் உள்ளவர் கை ஓங்கியது என்றும் அவர்கள் கவலைப்பட்டார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டு கழித்துப் பீட்டர் ஹேசலும், பின்னாளில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான சி. ராமசாமியும் அதே மாவட்டத்தில் மறு ஆய்வு நடத்தி, 1991இல் வேறொரு முடிவை வெளியிட்டார்கள்: சிறு விவசாயிகளுக்கும் நிலமற்ற கூலிகளுக்கும்கூட வருமானம் உயர்ந்திருந்தது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதுபோன்ற பாடம் வேறு கிடையாது. ஒரே மண்ணை, ஒரே நெல்லைப் பார்த்த நேர்மையான அறிஞர்கள் இரண்டு முடிவுக்கு வந்தது எப்படி? பார்த்த ஆண்டு வேறு, மழை வேறு, கேட்ட கேள்வி வேறு. தொலைக்காட்சியில் ஒருவர் பொருளாதாரம் வளர்கிறது என்றும் இன்னொருவர் தேய்கிறது என்றும் சத்தம் போடும்போது நான் இந்த இரண்டு நூல்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

1973-74 ஆய்வுக் குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதிய ஊரக வளர்ச்சி பற்றிய நூலில், நகரத்திலிருந்து வரும் அதிகாரிகள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களை மட்டும், அதுவும் மழை இல்லாத மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தை நகைச்சுவையோடு சாடுகிறார். அதே குழுவின் பார்பரா ஹாரிஸ்-ஒயிட், ஆரணியின் கடைகளையும் அரிசி ஆலைகளையும் பட்டு நெசவையும் நகைப் பட்டறைகளையும் 1973 தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தவர். அந்த உழைப்பு 2016இல் ஒரு தொகுப்பாக வந்திருக்கிறது. அவருடைய 2003ஆம் ஆண்டு நூலான 'இந்தியா வொர்க்கிங்' சற்றுக் கடினம். ஆனால் நம் பக்கத்து வணிகம் சட்டப் புத்தகத்தைவிடச் சாதி, குடும்பம், சங்கம், நம்பிக்கை ஆகியவற்றின்படியே பெரிதும் நடக்கிறது என்று அவர் காட்டும் பகுதியைப் படித்துவிட்டு வேலூர் மண்டித் தெருவில் ஒரு காலை நின்று பார்த்தால், யார் யாருக்கு ரசீது இல்லாமல் சரக்கைக் கடனாகக் கொடுக்கிறார்கள் என்பது வேறொரு வெளிச்சத்தில் தெரியும். இந்த நூல்கள் விலை கூடியவை. வாங்க வேண்டாம், நூலகத்தில் தேடுங்கள்.

மூலவர்களை எவ்வளவு படிப்பது

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். வேலையைப் பகுத்துக்கொண்ட பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்ததை அவர் வருணிக்கும் இடத்தை, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலைக்குப் போகும் யாராவது ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டிங், தோலின் ஓரத்தை மெலிதாக்கும் ஸ்கைவிங், அப்பர் ஸ்டிச்சிங், லாஸ்டிங், சோல் ஒட்டுதல் என்று ஒரு ஜோடிச் செருப்பு எத்தனை கைகள் மாறுகிறது, ஒவ்வொரு கைக்கும் எவ்வளவு கூலி என்று அவரிடம் கேட்டு எழுதினால், ஸ்மித் இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஆளாகத் தோன்ற மாட்டார். சந்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத்தான் வேலைப் பகுப்பு செல்லும் என்று மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. ஐரோப்பிய ஆர்டர் குறைந்த மாதத்தில் அந்தப் பிரிவுகளில் எது முதலில் மூடப்படுகிறது என்று கேட்டால் அதற்கும் விடை கிடைக்கும்.

டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதிய நூலில் பன்னாட்டு வணிகம் பற்றிய ஓர் அத்தியாயம். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் எளிதானதைச் செய்து மற்றதை வாங்கினால் இரண்டுக்கும் நன்மை என்று காட்ட, இங்கிலாந்தின் துணியும் போர்ச்சுக்கலின் ஒயினும் வரும் புகழ்பெற்ற உதாரணம் அங்கேதான் இருக்கிறது. அவரே பங்குத் தரகராகப் பணம் சேர்த்தவர் என்பது கொசுறுச் செய்தி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 விழுக்காடாக ஏற்றியபோது நம் பகுதித் தோல் ஏற்றுமதியாளர்கள் கணக்குப் போட்ட காகிதத்தில் ரிக்கார்டோவும் இருந்தார், ரிக்கார்டோ சொல்லாத பலவும் இருந்தன.

சந்தையிலிருந்து விலக விலக நிலத்தின் வாடகை ஏன் குறைகிறது என்பதை ஜெர்மானியரான வான் தூனன் 1826இல் விளக்கினார். அவரைத் தேடிப் போக வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாயிலில் தொடங்கி, வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜுகளின் வழியே நடந்து, ஒரு நாள் அறை வாடகையைப் பத்து இடங்களில் கேட்டுத் தூரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளை ஒரு வரைபடத் தாளில் இட்டால் அவருடைய கோடு கிட்டத்தட்ட வந்துவிடும். வராத இடங்களில் ஏன் வரவில்லை என்று யோசிப்பதுதான் சுவையான பகுதி. வெந்நீர், சமையலறை, மொழி தெரிந்த மேலாளர் என்று பல காரணங்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

ஒருவரின் தொழிலால் அந்தத் தொழிலில் சேராத மூன்றாமவருக்கு விழும் நட்டத்தைப் புறவிளைவு என்கிறார்கள். ஆர்தர் பிகூ 1920இல் இதைப் பெரிய நூலாக எழுதினார். நமக்கு அதற்குச் சமமான பாடம் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு எடுத்துச்சொல்லி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தீர்ப்பின் வாசகம் இணையத்தில் கிடைக்கிறது. படிக்க ஒரு மாலை போதும். ஒரு சதுர அடித் தோலின் விலையில் பாலாற்றின் விலை சேர்ந்திருக்கவில்லை என்பதைத் தோல் ஷாப்பில் கணக்கெழுதிய நான் அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். எங்கள் பேரேட்டில் அதற்குத் தலைப்பே இல்லை.

மார்க்சின் 'மூலதனம்' க. ரா. ஜமதக்னியின் மொழிபெயர்ப்பில் தமிழில் உண்டு. முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை, குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டின் நாள் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம். கெயின்ஸ் 1936இல் எழுதிய நூலை நேரடியாகப் படிக்கப் புகுந்து நான் தோற்றேன்; பன்னிரண்டாம் வகுப்பு நூலில் உள்ள சுருக்கமே போதும் என்று விட்டுவிட்டேன். திருக்குறளின் பொருட்பாலை இந்த வரிசையில் சேர்க்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கும் நான்கு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்தால், கடை திறக்கப் போகிறவர் எழுத வேண்டிய திட்ட அறிக்கையின் தலைப்புகள் வரிசையாகக் கிடைக்கும்.

தண்டலும் சீட்டும்

அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011இல் எழுதிய 'புவர் எக்கனாமிக்ஸ்' எளிய ஆங்கிலத்தில் அமைந்தது. இருவரும் மைக்கேல் கிரெமரோடு 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். ஏழைகளின் கடனும் சேமிப்பும் பற்றிய அத்தியாயங்களை முதலில் படியுங்கள். சென்னையில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர்கள் ஒரு நாள் கடனுக்குக் கொடுக்கும் வட்டியை அவர்கள் கணக்கிட்டுக் காட்டும் இடம் உண்டு. அதை வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நாமே போட்டுப் பார்க்கலாம்.

பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் வழக்கமாக முன்பிடித்தம் போக 8,500 ரூபாய் கையில் வரும். நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குபவரும் கொடுப்பவரும் இதை நூற்றுக்குப் பதினைந்து என்பார்கள். ஆனால் பதினைந்து பிடித்தது பத்தாயிரத்துக்கு, கையில் வந்ததோ எட்டாயிரத்து ஐந்நூறு. அதுவும் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. சரியாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு மூன்றில் ஒரு விழுக்காடு, வட்டிக்கு வட்டி சேர்க்காமலே ஆண்டுக்கு ஏறக்குறைய 120 விழுக்காடு ஆகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர், எந்த வங்கியின் 'பிளாட்' வட்டியையும், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டியையும், கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டார். அப்படியிருந்தும் காய்கறிக்காரர் ஏன் தண்டலையே நாடுகிறார் என்ற அடுத்த கேள்விக்குத்தான் அந்த நூல் விடை தேடுகிறது.

ஏலச்சீட்டுக்கும் இதே முறை. இருபது பேர், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் ஒருவர் ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது அவ்வளவைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்து, எடுத்தால் அவருக்கு 70,000 வரும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் ஐயாயிரம் போக மீதியை இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,250 கழிவு. கடைசிவரை எடுக்காமல் இருப்பவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு கிடைத்தது, முன்னால் எடுத்தவர் கொடுத்த வட்டி எவ்வளவு என்பதை இருபது மாதக் கழிவையும் எழுதி வைத்தால்தான் அறிய முடியும். எழுதி வைப்பவர் மிகச் சிலர். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு பதிவு செய்யப்பட வேண்டும். 2019இன் திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவரின் கமிஷன் 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பதிவுத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்காதீர்கள்.

இந்தப் பகுதிக்கு இலக்கியத் துணை வேண்டுமென்றால் ஆர். கே. நாராயண் 1952இல் வெளியிட்ட 'தி ஃபைனான்சியல் எக்ஸ்பர்ட்' நாவல். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து கடன் விண்ணப்பம் எழுதும் மார்கய்யா எப்படிப் பிறரின் வைப்புத் தொகையை வாங்கும் நிலைக்கு உயர்ந்து சரிகிறார் என்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டே கற்கலாம்.

முதலீடு: இங்கே அவசரம் கூடாது

தமிழில் தொடங்குபவர்களுக்குச் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையில் முதல் பாகம் பொருத்தமானது. தலைப்பைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு, பங்கு, போனஸ், உரிமைப் பங்கு முதலியவற்றை நிதானமாக விளக்கும் நூல்தான். பின்னாள் விலையின்மேல் ஒப்பந்தம் போடும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகும் ஆசை வந்தால், அதற்கு முன் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள்: 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் அந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செபி தமிழிலும் முதலீட்டாளர் கையேடு வெளியிடுகிறது, விலை இல்லை.

பெஞ்சமின் கிரஹாம் 1949இல் எழுதிய 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலில் 1, 8, 20 ஆகிய மூன்று அத்தியாயங்களை இரண்டு முறை படியுங்கள். முதலாவது, முதலீட்டையும் சூதாட்டத்தையும் பிரிக்கிறது. எட்டாவது, உங்களோடு கூட்டுச் சேர்ந்து தொழில் நடத்தும் ஒருவர் தினமும் காலையில் வந்து, ஒருநாள் உற்சாகத்தில் ஏற்றியும் மறுநாள் கலக்கத்தில் இறக்கியும் உங்கள் பங்குக்கு விலை சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. இருபதாவது, வாங்கும் விலைக்கும் உண்மையான மதிப்புக்கும் நடுவே விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளி. ஆக்கத்தை எண்ணி முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்க மாட்டார் என்ற 463ஆம் குறளைத் தெரிந்தவருக்கு அந்த அத்தியாயம் புதிதாக இராது. ஆனால் இடைவெளியை எண்ணால் எப்படி அளப்பது என்பதைக் கிரஹாம் சொல்கிறார். அமெரிக்கக் கடன்பத்திரம், அமெரிக்க வரி பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

பர்ட்டன் மால்கீல் 1973இல் எழுதிய நூல், சந்தையைத் தொடர்ந்து வெல்வது ஏறக்குறைய முடியாது என்று வாதாடுகிறது. ஜான் போகல் 1976இல் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும், சாதாரண மக்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கி, செலவைக் குறைப்பதே வழி என்றார். அவர் சொன்னதை ஒரு கணக்கால் சரிபார்க்கலாம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ச்சி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் முப்பது ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம் ஆகும்; ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு கட்டணம் போனால் 20 லட்சம்தான் ஆகும். ஒன்றரை என்று சொல்லும்போது சிறிதாகக் கேட்கும் எண் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கிரஹாமும் மால்கீலும் ஒருவரையொருவர் மறுக்கும் இடங்களில் எனக்கு மால்கீல் பக்கம் சாய்வு உண்டு; நேரமும் ஆர்வமும் உள்ளவர்கள் மாறுபடலாம்.

தனி நிறுவனங்களை ஆராய விரும்புகிறவர்களுக்கு ஃபிலிப் ஃபிஷரின் 1958ஆம் ஆண்டு நூல். வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், போட்டியாளர், முன்னாள் ஊழியர் என்று பலரிடமும் விசாரித்து ஒரு நிறுவனத்தை அறியச் சொல்கிறார். இராணிப்பேட்டை பி.எச்.இ.எல்., அரக்கோணம் எம்.ஆர்.எஃப். போன்ற பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆலைகள் நம் பக்கத்திலேயே இருப்பதால் பயிற்சிக்கு அவற்றின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். வாங்கச் சொல்லவில்லை, படிக்கத்தான் சொல்கிறேன். தலைவர் உரையைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, தணிக்கையாளர் அறிக்கை, ரொக்க ஓட்டம், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஆலைக்குள் வேலை செய்யும் சித்தப்பா மகன் வெளியாகாத செய்தி ஒன்றைச் சொல்லி, அதை வைத்துப் பங்கு வாங்கினால் அது 2015ஆம் ஆண்டின் செபி விதிகளின்படி குற்றம். பீட்டர் லிஞ்ச் 1989இல் எழுதிய நூலையும் பலர் தவறாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். நமக்குத் தெரிந்த கடையில் கூட்டம் இருந்தால் அதன் பங்கை வாங்கு என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஐந்தொகையைப் பார் என்கிறார். ஆர்க்காட்டுப் பிரியாணிக் கடையில் வரிசை நிற்கிறது என்பதால் முதலாளிக்கு இலாபம் நிற்கிறது என்று ஆகிவிடாது.

நிர்வாகத்துக்குப் பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதிய 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' ஒன்று போதும். வெற்றி பெற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அதே வழியில் நடந்து தோற்றவர்கள் நூல் எழுதுவதில்லை.

தோற்ற கதைகளைத்தான் படிக்க வேண்டும். சார்லஸ் மெக்கே 1841இல் எழுதிய கூட்டவெறி பற்றிய நூல் சுவையானது, சற்று மிகைப்பட்டது. சார்லஸ் கின்டில்பெர்கர் 1978இல் எழுதியது உறுதியானது. கால்பிரெய்த் 1929ஆம் ஆண்டுச் சரிவைப் பற்றி எழுதியது நடைக்காகவே படிக்கத்தக்கது. 1992இல் வெளிப்பட்ட பங்குச் சந்தை ஊழலைப் பற்றிச் சுசேதா தலாலும் தேபாசிஸ் பாசுவும் எழுதிய 'தி ஸ்கேம்', வங்கி ரசீதுகள் எப்படிக் கைமாறின என்பதைப் பொறுமையாக விளக்குகிறது. இவற்றைப் படிக்கும்போது, அதிக வட்டி ஆசை காட்டி நம் மாவட்டங்களில் பணம் திரட்டியவர்கள்மீது வந்த செய்தித் துணுக்குகளை ஒரு நோட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிலருக்கு ஒழுங்காகப் பணம் கொடுப்பது, அவர்களையே முகவராக்குவது, மண்டபத்தில் விழா எடுப்பது என்ற வரிசை எந்த நூற்றாண்டிலும் மாறவில்லை என்பது தெரியவரும். புகார் தருவதற்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் என் உறவினர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

நூல் கிடைக்கும் இடமும் படிக்கும் வேகமும்

சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகவே வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராவது கொடுத்த காசை வசூலிப்பது போன்றது. இல்லாத நூலை வாங்கச் சொல்லிக் கோரிக்கை எழுதிக் கொடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் பலன் கூடும். விலை உயர்ந்த ஆய்வு நூல்களுக்குச் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உண்டு. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

இரண்டு பேராகப் படிப்பது நல்லது. கடை வைத்திருப்பவர் ஒருவரும் சம்பளக்காரர் ஒருவருமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒருவருக்கு ரொக்க ஓட்டம் புரியும், மற்றவருக்கு மாதத் தவணை புரியும். கணக்குப்பதிவியலுக்கு மூன்று மாதம், பொருளியல் பாடநூல்களுக்கு நான்கு மாதம், தூசியும் பசுமைப் புரட்சியும் ஆரணியும் ஐந்து மாதம் என்று முதல் ஆண்டை வைத்துக்கொள்ளுங்கள். முதலீட்டு நூல்களை இரண்டாம் ஆண்டில் திறக்கலாம். அதுவரை சேமிப்புப் பணம் அஞ்சலகத் தொடர் வைப்பிலோ பொது வருங்கால வைப்பு நிதியிலோ வங்கியிலோ இருக்கட்டும். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்ச ரூபாய் வரையில்தான் காப்பீடு என்பதால், அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டு, இரண்டு பாஸ்புக்கின் எண்ணையும் அந்த ஐந்தொகை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.